பத்தா, பன்னிரண்டா, பதின்மூன்றா? பழைய மினிக்குச் சக்கரம் தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய மினி கார்களை வாங்கிச் செப்பனிட்டு, தங்கள் விருப்பப்படி மாற்றியமைத்து ஓட்டிவரும் அன்பர்களுக்கு,

மினியின் சக்கர அளவு அந்தக் காரின் பிறப்போடு சேர்ந்தே முடிவான ஒன்று. 1956-இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பி.எம்.சி. நிறுவனம் சிக்கனமான ஒரு சின்னக் காரை உருவாக்கும் பொறுப்பை வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸிடம் ஒப்படைத்தது. பத்தடி நீளத்துக்குள் நான்கு பேரும் அவர்கள் பெட்டியும் அடங்க வேண்டும். அதற்காக அவர் என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதற்கு அடியில் அதே ஆயிலில் இயங்கும்படி அமைத்தார். சுருள்வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்புகளைப் பொருத்தினார். சக்கரக் கூடு உள்ளே நீண்டு, உட்காரும் இடத்தைத் தின்றுவிடாமலிருக்கச் சக்கரம் 10 அங்குலமாகச் சுருங்கியது. அதற்கேற்ற டயரை டன்லப் புதிதாகச் செய்துகொடுத்தது. 1959 ஆகஸ்ட் 26 அன்று வெளிவந்த காரில் மூன்றரை அங்குல அகல ரிம்மும் 5.20-10 டயரும் இருந்தன.

உற்பத்தி நின்ற 2000-ஆம் ஆண்டுக்குள் 53 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் வெளிவந்தன. அந்த நாற்பது ஆண்டுகளில் தொழிற்சாலையே மூன்று அளவுகளைப் பயன்படுத்தியது. தொடக்கத்தில் 10 அங்குலம். 1974 முதல் 1275 ஜி.டி. மாடலிலும், 1984 முதல் எல்லா மினியிலும் 12 அங்குலம். 1996-க்குப் பின் ‘ஸ்போர்ட்ஸ்பேக்’ என்ற கூடுதல் தொகுப்போடு வந்த கார்களில் 6 அங்குல அகலமுள்ள 13 அங்குல ரிம். மூன்றுக்கும் தொழிற்சாலையின் அங்கீகாரம் இருப்பதால், எதை வேண்டுமானாலும் எந்த மினியிலும் மாட்டலாம் என்ற எண்ணம் பரவிவிட்டது. முதலில் ரிம்மின் விட்டத்தை முடிவுசெய்வது, பிறகு காரை அதற்கேற்ப வெட்டியும் இழுத்தும் சரிக்கட்டுவது என்பதே இப்போது பெரும்பாலும் நடக்கிறது. இந்த வரிசை தலைகீழானது. பிரேக், டயரின் வெளிவிட்டம், ஹப்பின் அமைப்பு, சக்கரக் கூட்டுக்குள் உள்ள இடம் ஆகிய நான்கும் தெரிந்தபின் பொருத்தமான ரிம் தானாகவே கிடைத்துவிடும்.

பிரேக்கிலிருந்து தொடங்குவதே சரி; ஒரு காரில் எந்த ரிம் ஏறவே ஏறாது என்பதைச் சொல்வது அதுதான். முதல் மினிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1961-இல் வந்த கூப்பரில் முன்பக்கம் 7 அங்குல டிஸ்க். 1963-இன் கூப்பர் எஸ்-இல் ஏழரை அங்குல டிஸ்க். இவை எல்லாம் 10 அங்குல ரிம்முக்குள் அடங்கும்படி செய்யப்பட்டவை. 1974-இன் 1275 ஜி.டி.யிலும், 1984-க்குப் பின் எல்லா மினியிலும் டிஸ்க் 8.4 அங்குலமானது. அதன் காலிப்பர் 10 அங்குல ரிம்முக்குள் நுழையாது. 12 அங்குலச் சக்கரம் வந்ததற்கு இந்தப் பெரிய பிரேக்தான் காரணம், அழகுக்காக வந்ததல்ல. ஆகவே 1984-க்குப் பிந்தைய மினியில் பழைய தோற்றத்துக்காக 10 அங்குலச் சக்கரம் மாட்ட விரும்புவோர் பிரேக்கையும் மாற்றியாக வேண்டும். ஏழரை அங்குல டிஸ்க்குக்குத் திரும்புவது ஒரு வழி. 7.9 அங்குல டிஸ்க்கோடு, 10 அங்குல ரிம்முக்கென்றே செய்யப்பட்ட நான்கு பிஸ்டன் அலாய் காலிப்பரைப் போடுவது இன்னொரு வழி; வேகமான என்ஜின் வைத்திருப்போருக்கு இதுவே நல்லது. காலிப்பரை அரத்தால் ராவி இடம் உண்டாக்கும் வேலையை எந்தப் பட்டறையும் செய்யக்கூடாது. அந்த உலோகத்துக்குள் பிரேக் எண்ணெய் உயர் அழுத்தத்தில் ஓடுகிறது.

அடுத்தது டயரின் வெளிவிட்டம். 165/70 ஆர் 10 என்று எழுதியிருந்தால் அகலம் 165 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 115.5 மி.மீ.; ரிம் 10 அங்குலம், அதாவது 254 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் சேர்ந்தால் மொத்த விட்டம் 485 மி.மீ. இதே கணக்கில் 145/80 ஆர் 10 டயருக்கு 486, 165/60 ஆர் 12 டயருக்கு 503, 145/70 ஆர் 12 டயருக்கு 508, 175/50 ஆர் 13 டயருக்கு 505 மி.மீ. வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்த எண்களில் தெரிகிறது. பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்குப் போனால் வெளிவிட்டம் ஏறக்குறைய மாறுவதில்லை. பக்கச்சுவர் மட்டும் 101.5 மி.மீ.யிலிருந்து 87.5 ஆகக் குறைகிறது. பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போகும்போதுதான் மாற்றம் உண்மையானது. 485 மி.மீ. டயர் 508 ஆகும்போது விட்டம் சுமார் நாலே முக்கால் சதவீதம் கூடுகிறது. கார் 11 மி.மீ. உயர்கிறது.

அந்த நாலே முக்கால் சதவீதம் மூன்று இடங்களில் தெரியும். முதலில் கியரில். இறுதிப் பல்விகிதம் 3.44 உள்ள மினி, நான்காம் கியரில் என்ஜினின் 1000 சுற்றுக்கு, 485 மி.மீ. டயரில் மணிக்கு 26.6 கிலோமீட்டர் போகும் என்றால், 508 மி.மீ. டயரில் 27.8 கிலோமீட்டர் போகும். நெடுஞ்சாலையில் என்ஜின் சற்று நிதானமாக ஓடும். 850 அல்லது 1000 சி.சி. என்ஜின் மலையேறும்போது திணறும். இரண்டாவது ஸ்பீடோமீட்டர். 10 அங்குலச் சக்கரத்துக்கு அளவுதிருத்தம் செய்த மீட்டர், பெரிய டயரில் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். மீட்டர் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக்கூடாது என்பது பல நாடுகளில் சட்டம். 12 அங்குலச் சக்கரத்தோடு வந்த கார்களின் மீட்டரை மாட்டும்போது பல்விகிதமும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மீட்டரை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். மூன்றாவது பிரேக். டயர் பெரிதாக ஆக, அதே டிஸ்க் அதே அழுத்தத்தில் தரும் நிறுத்தும் விசை குறைகிறது. டிரம் பிரேக்கோடு இருக்கும் 1960-களின் காரில் பிரேக்கைத் தொடாமல் 12 அங்குலச் சக்கரம் மட்டும் மாட்டுவது, காரைப் பின்னோக்கி இழுக்கும் வேலை. வெளிவிட்டம் மாறாமல் 12-க்குப் போக 165/55 ஆர் 12 என்ற அளவு உண்டு. அதன் விட்டம் 486 மி.மீ. ஆனால் அந்த அளவில் கிடைப்பது பெரும்பாலும் பந்தய வகை டயர். தினசரி ஓட்டத்தில் சீக்கிரம் தேயும்.

இந்தக் கணக்குகளின்படி பார்த்தால் தீர்ப்பு கடினமல்ல. ஏழரை அங்குல டிஸ்க்கோ டிரம்மோ உள்ள மினிக்கு 5 அங்குல அகலமுள்ள 10 அங்குல ரிம்மும் 165/70 டயரும் இன்றும் மிகப் பொருத்தமானவை. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்ட்டி கார்லோ ராலியை மினி வென்றது 10 அங்குலச் சக்கரத்தில்தான். 8.4 அங்குல டிஸ்க் உள்ள காருக்கு 5 அங்குல அகலமுள்ள 12 அங்குல ரிம்மும் 165/60 டயரும் போதும். 13 அங்குலம் ஸ்போர்ட்ஸ்பேக்கோடு பிறந்த காருக்கு உரியது. மற்றவற்றில் அதைப் போடுவதால் ஓட்டத்தில் கிடைக்கும் பலன் மிகச் சிறிது. கொடுக்க வேண்டிய விலை பெரிது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் அகலமான டயரோடு வண்டியை நிறுத்தவும் எடுக்கவும் தோள் வலிக்கும். ரப்பர் கூம்பு இயல்பாகவே விறைப்பானது, அதன் அசைவுத் தூரமும் குறைவு. பள்ளம் தரும் அடியில் ஒரு பகுதியை டயரின் பக்கச்சுவர்தான் வாங்கிக்கொள்கிறது. பத்திலிருந்து பதின்மூன்றுக்குப் போய் அதில் 28 மி.மீ.யைக் குறைத்தால் அந்த அடி நேராக ரிம்முக்கும் பேரிங்குக்கும் உடம்புக்கும் போகும். சுழலும் எடை மையத்திலிருந்து விலக விலக அதன் நிலைமம் தூரத்தின் இருமடியாகக் கூடும் என்பதால், எடை கூடிய பெரிய ரிம்மைச் சுழற்றவும் நிறுத்தவும் சின்ன என்ஜினும் சின்ன பிரேக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் உழைக்க வேண்டும். பத்தங்குலச் சக்கரத்துக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை: குழியில் அது மற்றவற்றைவிட ஆழமாக இறங்கும். சாலை மிக மோசமான ஊரில் தினமும் ஓட்டுபவர், பிரேக்கையும் சேர்த்து மாற்றிக்கொண்டு 12-க்குப் போவதில் நியாயம் இருக்கிறது.

விட்டம் தெரிந்தபின் ரிம் ஹப்பில் உட்காருமா என்ற கேள்வி. மினியில் நான்கு ஸ்டட். எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. இதையே பி.சி.டி. என்கிறார்கள். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் இந்த அளவு 100 மி.மீ. பழைய ரிம் சந்தையில் 4 துளை, 100 மி.மீ. அலாய் வீல்கள் மலிவாகக் குவிந்துகிடக்கின்றன. அவற்றில் ஒன்றை மினியின் ஹப்பில் வைத்தால் சற்று அழுத்தத்தோடு ஏறிவிடும், நட்டும் முறுக்கேறும். 1.6 மி.மீ. வித்தியாசம் கையில் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் 0.8 மி.மீ. உள்நோக்கி வளைக்கப்பட்ட நிலையில் நிற்கிறது. நட்டின் கூம்பு முகம் ரிம்மின் குழியில் ஒரு ஓரத்தில் மட்டும் படிகிறது. ஓட்டத்தில் ரிம் தன் இடத்தைத் தேடி நகரும், நட்டு இளகும், வளைந்து வளைந்து நிமிரும் ஸ்டட் ஒருநாள் அறுந்துபோகும். துளையை ராவிப் பெரிதாக்குவது இதைவிட மோசம். 101.6 என்று ரிம்மின் உட்புறம் வார்ப்பிலேயே பொறித்திருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பொறிப்பு இல்லையென்றால் வெர்னியர் அளவியால் எதிரெதிர்த் துளைகளின் வெளிவிளிம்பு இடைவெளியை அளந்து, அதிலிருந்து ஒரு துளையின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். இத்தகைய கண்ணி மினிக்கு மட்டும் உரியதல்ல. ஃபியட்டின் 98 மி.மீ.க்கும் மற்றவர்களின் 100-க்கும் இடையிலும், பழைய ஷெவர்லேயின் 120.65-க்கும் பி.எம்.டபிள்யூ.வின் 120-க்கும் இடையிலும் இதே ஆபத்து இருக்கிறது.

மிகுதியாகத் தவறு நேர்வது ஆஃப்செட்டில். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்தால், ஹப்பில் படியும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் கூட்டல், உட்பக்கம் இருந்தால் கழித்தல். கூட்டல் எண் பெரிதாக ஆகச் சக்கரம் காருக்குள் போகும்; சிறிதாக ஆக வெளியே வரும். ஒரு கணக்கு: நாலரை அங்குல ரிம்மை எடுத்துவிட்டு, அதே ஆஃப்செட்டில் 6 அங்குல ரிம் மாட்டினால் கூடிய ஒன்றரை அங்குலம் இரண்டாகப் பிரிந்து உள்ளே 19, வெளியே 19 மி.மீ. என்று நீளும். புது ரிம்மின் ஆஃப்செட் 10 மி.மீ. குறைவாக இருந்தால் வெளியே 29, உள்ளே 9. ரிம்மின் அகலம் என்று சொல்லப்படுவது டயர் உட்காரும் இரண்டு இருக்கைகளுக்கு இடைப்பட்ட தூரம். விளிம்பையும் சேர்த்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சக்கரம் வெளியே தள்ளத் தள்ளக் கார் தரையில் விரிந்து நிற்பதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்துக்காகவே பலர் ஆஃப்செட்டைக் குறைக்கிறார்கள். ஆனால் மினியில் ஸ்டீயரிங் திரும்பும் அச்சைக் கீழே தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் இடத்தின் மையத்துக்கும் உள்ள தூரத்தை வடிவமைப்பாளர் கணக்கிட்டே வைத்திருக்கிறார். முன்சக்கரமே இழுக்கும் காரில் இந்தத் தூரம் கூடினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் வெட்டித் திரும்பும். வெளிப்பக்க பேரிங் கூடுதல் சுமை தாங்கிச் சீக்கிரம் தேயும். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளினாலும் விளைவு இதுவே.

பின்சக்கரத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கூப்பர் எஸ் முதலான டிஸ்க் பிரேக் மினிகளின் பின் டிரம்மிலேயே ஓர் அங்குல ஸ்பேசர் சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். முன்பக்கம் டிஸ்க்குக்காக மாறிய சக்கர நிலைக்குப் பின்பக்கமும் ஈடாக நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. முன்பக்கம் மட்டும் டிஸ்க்குக்கு மாற்றி, பின்பக்கம் பழைய டிரம்மையே விட்ட காரில் ஒரே வகை ரிம் நான்கையும் மாட்டினால் முன்சக்கரம் மட்டும் வெளியே நிற்கும். இதைத் தெரியாமல் முன்பக்கத்துக்கு ஒரு ஆஃப்செட்டும் பின்பக்கத்துக்கு வேறொன்றும் வாங்குவோர் உண்டு. ஸ்பேசர் சேர்ந்த டிரம்மை வாங்கி மாட்டுவதே முறையான தீர்வு.

சக்கரக் கூட்டின் இடத்தை டேப்பால் மட்டும் அளந்து நம்ப முடியாது. சக்கரம் ஏறி இறங்கும், திரும்பும். ரிம் வாங்குமுன் ஒரே ஒரு ரிம்மையும் டயரையும் இரவல் பெற்றாவது மாட்டிப் பார்க்க வேண்டும். காரைத் தாங்கிகளில் நிறுத்தி, அதற்குரிய கருவியால் ரப்பர் கூம்பைத் தளர்த்தி வெளியே எடுத்தபின், ஹப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அசைவுத் தடையில் சஸ்பென்ஷன் கை முட்டும்வரை சக்கரத்தை மேலே தூக்கலாம். அந்த உச்ச நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். உரசும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முன்சக்கரக் கூட்டின் பின்பக்கக் கீழ்மூலை. கீழ்க் கையிலிருந்து முன்னோக்கிப் போகும் இழுகம்பி. பின்சக்கரக் கூட்டின் வெளிவிளிம்பு. காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு வில்லையாக ஒட்டி, சக்கரத்தை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், நசுங்கிய வில்லையின் தடிமனே அங்குள்ள இடைவெளி. 3 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த ரிம் அந்தக் காருக்கு வேண்டாம். நான்கு பேர் ஏறி வளைவில் சாயும் காரில் டயர் இன்னும் நெளியும் என்பதால், நிற்கும்போது மயிரிழையில் தப்புவது ஓட்டத்தில் கட்டாயம் உரசும்.

6 அங்குல ரிம் என்றால் சக்கரக் கூட்டின் மேல் அகன்ற வளைவுப் பட்டை வேண்டும். தொழிற்சாலையின் ஸ்போர்ட்ஸ்பேக்கும் அப்படித்தான் வந்தது. டயர் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். தகட்டை வெட்டுமுன் யோசிக்க வேண்டியது இன்னொன்று: பட்டையைக் கழற்றிவிடலாம், வெட்டிய தகடு திரும்ப வராது. மாற்றியமைப்பு எத்தனை துணிச்சலானதாக இருந்தாலும், பின்னால் வருபவர் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற மாற்றமே பழைய காருக்கு மரியாதை.

டயர் வாங்கும்போது அகலத்தை ரிம்மோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 165/70 டயருக்கு நாலரை முதல் ஆறு அங்குலம் வரையுள்ள ரிம் பொருந்தும். ஆரம்பகால மூன்றரை அங்குல ரிம்மில் அது உட்காரக்கூடாது, அதற்கு 145/80 போதும். 7 அங்குல அகலமுள்ள 13 அங்குல ரிம்மில் 175/50 டயரை இழுத்துப் பொருத்தும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. வளைவில் காற்று கசிந்து, விளிம்பு கழன்றுகொள்ளும் ஆபத்து அதில் உண்டு. பக்கச்சுவரில் உள்ள சுமை எண் 72 என்றால் அந்த டயர் 355 கிலோ தாங்கும். வேக எழுத்து எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், எச் என்றால் 210. 10 அங்குல அளவில் டிரெய்லருக்கான டயர்களும் விற்கின்றன, எஃப்.ஆர்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பக்கச்சுவரில் இருந்தால் அது இழுபடும் வண்டிக்கு மட்டும் உரியது, இயக்கும் சக்கரத்துக்கும் திரும்பும் சக்கரத்துக்கும் ஆகாது. மினியின் முன்சக்கரம் இரண்டு வேலையையும் செய்கிறது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். அதிகம் விற்காத அளவுகளில் டயர் கிடங்கிலேயே வயதாகிவிடும், ஆகவே அந்த இலக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. இந்தியாவில் 12 அங்குல மினி வைத்திருப்போருக்கு ஒரு வசதி: 145/70 ஆர் 12 என்பது மாருதி 800-க்கும் உரிய அளவு. டயர் பொருந்தும், மாருதியின் ரிம் பொருந்தாது.

நட்டு மினியின் ஸ்டட்டுக்கு ஏற்ற 3/8 அங்குல யு.என்.எஃப். மரையாக இருக்க வேண்டும். அலாய் ரிம்முக்குக் கூம்பு முக நட்டா, குழாய்போல் நீண்டு துளைக்குள் நுழையும் நட்டா என்பதை ரிம் செய்தவரே சொல்ல வேண்டும். ஸ்டீல் ரிம்மின் நட்டை அலாய்க்குப் போடுவது தவறு. அலாய் ரிம்மின் முகம் தடிமனாக இருப்பதால் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையும். மரை பிடித்ததிலிருந்து இறுகும்வரை குறைந்தது ஒன்பது முழுச் சுற்று வர வேண்டும். வராவிட்டால் நீளமான ஸ்டட் மாற்ற வேண்டும். டார்க் ரெஞ்சால் முறுக்கி, எண்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் ரிம் ஆறியிருக்கும்போது மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. மினியின் டிக்கியில் அது தரைக்குழியில் படுத்தபடி இருக்கிறது. 6 அங்குல அகலச் சக்கரம் அங்கே மூடிக்குக் கீழ் அடங்காது. பழைய ஸ்டீல் ரிம்மையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்பவர்கள் அதன் துளையும் பிரேக் இடைவெளியும் இன்றைய காருக்குப் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை மாட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும், 8.4 அங்குல டிஸ்க் உள்ள காரில் 10 அங்குல ஸ்டெப்னி முன்பக்கம் ஏறாது. வெளிவிட்டம் வேறுபட்ட ஸ்டெப்னியை முன்பக்கம் மாட்டி நெடுந்தூரம் ஓட்டினால் டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் ஓயாமல் சுழன்று தேயும். முன்டயர் பஞ்சரானால் பின்சக்கரம் ஒன்றை முன்னுக்கு மாற்றி, ஸ்டெப்னியைப் பின்பக்கம் போட வேண்டும். ஸ்டீல் ரிம்முக்குரிய நான்கு நட்டும் ஸ்டெப்னியோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.